குந்துகால் கோட்டையும் கம்ப்யூட்டர் போரும்



என்னிடம் ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்த பலருக்கு இப்போது பிள்ளைகளே ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் நாலைந்து பேர் இந்த மாதம் உள்பெட்டியில் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "சார், லீவு விட்டதிலிருந்து பையன் கம்ப்யூட்டரில் போர் விளையாட்டுதான். சோழர் படை, யானைப்படை என்று என்னென்னவோ சொல்கிறான். கேட்டால் வரலாறு படிக்கிறேன் என்கிறான். விடலாமா, தடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் கட்டைவிரல் ஒத்துழைக்காது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடட்டும். ஆனால் அந்த ஆட்டம் எவ்வளவு அழகாகப் படம் காட்டுகிறது என்பதை வைத்து அதில் வரலாறு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தத்ரூபம் வேறு, நிஜம் வேறு.

என் பேரன் ஆடுவது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். 1999இல் வந்த ஆட்டம், இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2022இல் வந்த இந்தியத் தொகுப்பில் 'திராவிடர்' என்று ஒரு பிரிவும், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு போர்த் தொடரும் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்தேன். தென்னாட்டுக் கோபுரங்கள், யானைகள், அலைகள், எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. அம்பு பாயும் சத்தத்தில் பையன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்பதில்லை. ஆட்டத்துக்குள் ஆள் முழுவதுமாக இறங்கிவிட்டான். இறங்குவதில் தப்பில்லை. கதை கேட்கும் பிள்ளையும் அப்படித்தான் இறங்கும். எதற்குள் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

அந்த ஆட்டத்தில் உறுமி வீரன் என்று ஒரு காலாள் உண்டு. உறுமி என்பது நாம் சுருள்வாள் என்று சொல்வது. கேரளக் களரியிலும் நம் சிலம்பக்காரர்களிடமும் பார்த்திருப்பீர்கள். அதைச் சுழற்ற சுற்றிலும் ஆளில்லாத வெட்டவெளி வேண்டும். படைவரிசையில் தோளோடு தோள் நின்று சுழற்றினால் முதலில் வெட்டுப்படுவது பக்கத்தில் நிற்கும் நம் ஆள்தான். பேரனிடம் சொன்னேன். "தாத்தா, பார்க்க மாஸா இருக்குல்ல" என்றான். இருக்கிறதுதான். இந்த மாதிரிப் பிழைகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாளின் வடிவம் தப்பானால் படத்தைக் காட்டித் திருத்திவிடலாம்.

என்னைத் தொந்தரவு செய்தது வேறு. அவன் இருபது கப்பல் கட்டினான். ஆளையும் யானையையும் ஏற்றினான். ஒரு சொடுக்கு. கப்பல்கள் கிளம்பின. காற்று இல்லை, நீரோட்டம் இல்லை, மழைக்காலம் வெயில்காலம் இல்லை. எதிர்க்கரையில் இறங்கிய வீரனுக்குத் தாகம் இல்லை. வீரனை உருவாக்கும்போது ஒரு தடவை கணக்கில் உணவு கழிகிறது. அதன்பிறகு அவன் ஆட்டம் முடியும்வரை பட்டினியாகவே சண்டை போடுகிறான். தூரத்தில் இருக்கும் படைக்கு இவன் நினைத்த நொடியில் கட்டளை போய்ச் சேர்கிறது. அந்தக் கரையில் குடியிருப்பவர்கள் என்று யாருமே இல்லை. "சிலோனைப் பிடிச்சாச்சு தாத்தா!" என்று கையைத் தூக்கினான்.

நம் கடற்கரையில் நின்றுகொண்டு இந்தச் சொல்லை நான் அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக முடியாது. ஏன் என்பதற்கு ஒரு பழைய போரைச் சொல்ல வேண்டும்.

குந்துகால் என்றால் நம் எல்லோருக்கும் விவேகானந்தர் நினைவு வரும். 1897 ஜனவரி 26இல் அவர் வந்து இறங்கிய இடம், மணிமண்டபம், பள்ளிச் சுற்றுலா. அதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்னால் அங்கே ஓர் இலங்கைப் படை கோட்டை கட்டியிருந்தது என்பதை வகுப்பில் என்னிடம் கேட்டவர்களைத் தவிர அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

1170ஐ ஒட்டிய காலம். மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். முற்றுகையில் மாட்டிக்கொண்ட பராக்கிரம பாண்டியன், பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். உதவி வந்து சேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆனாலும் இலங்கைப் படை கிளம்பிவிட்டது. மாதோட்டத்தில் கப்பலேறி, இந்தக் கரையில் இறங்கி, இராமேஸ்வரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்குத் தன் அரசன் பெயரையே வைத்தது. படைத்தலைவனைச் சோழர் கல்வெட்டுகள் இலங்காபுரித் தண்டநாயகன் என்கின்றன. குலசேகரன் சோழனிடம் போனான். இரண்டாம் ராஜாதிராஜன் படை அனுப்பினான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சோழன் தயவில் மதுரையைத் திரும்பப் பெற்ற குலசேகரன், கொஞ்ச காலத்தில் தன்னோடு சண்டை போட்ட இலங்கை மன்னனோடேயே கைகோத்துக்கொண்டான். சோழன் உடனே அணி மாறி, இறந்துபோன பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனைத் தூக்கி நிறுத்தினான். அதாவது இலங்கை ஆதரித்தவனைச் சோழன் ஆதரித்தான், சோழன் ஆதரித்தவனை இலங்கை ஆதரித்தது. சோழர் பக்கம் இன்னொரு வேலையும் செய்தார்கள். பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லவன், தனக்கும் இலங்கை அரசுரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்திருந்தான். அவனுக்குப் படை கொடுத்து ஊராத்துறை, வலிகாமம், மாதோட்டம் போன்ற இடங்களைத் தாக்க அனுப்பினார்கள். திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

இதில் தமிழன் பக்கம் எது, சிங்களவன் பக்கம் எது? பாண்டியனோடு பாண்டியன் மோதிய சண்டை. பாண்டிய நாட்டுச் சிற்றரசர்கள் பலர் இலங்கைத் தளபதியோடு சேர்ந்துகொண்டார்கள். பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று உறுதி சொல்லித் தமிழில் கல்வெட்டு வெட்டிவைத்தவர்கள் வேளைக்காரப் படையினர். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. இந்தப் போருக்கு எந்த ஆளுக்கு எந்த வண்ணம் பூசுவீர்கள்?

இன்னொன்று. இந்தப் போரின் முடிவு என்ன? இலங்கையில் பௌத்தத் துறவிகள் பாலி மொழியில் எழுதிய சூளவம்சத்தைப் படித்தால், படைத்தலைவன் வெற்றிமேல் வெற்றி பெற்றான், பிடிபட்ட தமிழர்களை இலங்கைக்கு அனுப்பி அங்கே பழுதுபட்டுக் கிடந்த பெரிய தாதுகோபத்தைச் சரிசெய்ய வைத்தார்கள் என்று இருக்கிறது. அவன் தோற்றதாக ஒரு சொல் இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால், அதே படைத்தலைவனைக் கொன்று அவன் தலையை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள் என்று இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கத்தில் இன்னொரு கல்வெட்டு. இலங்கைப் படை இராமேஸ்வரம் கோயிலில் பூசையைத் தடுத்து, பொருளைக் கொண்டுபோயிற்று என்ற செய்தி கேட்டு எதிரிலிசோழச் சம்புவராயன் கலங்கிப்போய், ஒரு சைவப் பெரியவரிடம் முறையிட, அவர் 28 நாள் பூசை செய்தாராம்.

அந்த 28 நாளைக் கவனியுங்கள். சம்புவராயன் சின்ன ஆளில்லை. அப்படிப்பட்டவனுக்கே முந்நூறு நானூறு கிலோமீட்டர் தெற்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. காத்திருந்தான், பயந்தான், சாமியை வேண்டினான். போர் என்பது பெரும்பாலும் அதுதான் என்று நினைக்கிறேன். செய்திக்காகக் காத்திருப்பது. என் பேரனின் ஆட்டத்திலும் தெரியாத இடம் கருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் படையைப் பற்றி ஒவ்வொரு நொடியும் அவனுக்கு எல்லாம் தெரியும். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஓட்டமும் நடையுமாக ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனாலும் ஆறு நாள். "பின்வாங்கு" என்று அரசன் எழுதிய ஓலை வந்து சேரும்போது படித்துப் பார்க்கப் படைத்தலைவன் உயிரோடு இருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கும் போட்டுப் பாருங்கள். நம் வெயிலில் ஒரு ஆளுக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு நான்கு லிட்டர். ஆயிரம் பேருக்கு 4,000 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 267 குடம். சமையல் தனி. யானை ஒன்றுக்குக் குறைந்தது நூறு லிட்டர், ஏறக்குறைய ஏழு குடம். தீவில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்து வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு புறமும் கடல் சூழ்ந்த மணல்மேட்டில் தினம் 267 குடம் நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? யாருடைய ஊற்றிலிருந்து வரும்?

நிஜம் என்று நான் சொல்வது இதைத்தான். காற்று, தண்ணீர், அரிசி, செய்தி, மாறும் கூட்டாளி, போர் நடக்கும் ஊரில் இருக்கும் சனம். இந்த ஆறில் மூன்றாவது இருந்தால்தான் அந்த ஆட்டத்தை வரலாறு என்று நான் ஒப்புவேன்.

"அப்படியென்றால் எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். அப்படியும் ஒருவர் செய்து பார்த்தார். அமெரிக்காவில் 1979இல் வந்த 'வட ஆப்பிரிக்கப் படையெடுப்பு' என்ற அட்டை ஆட்டம். இரண்டாம் உலகப் போரில் பாலைவனத்தில் நடந்த சண்டை. ஒவ்வொரு விமானம், ஒவ்வொரு லாரி, பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் கணக்கு. இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்று ஒரு விதி வேறு! முழுதாக ஆடி முடிக்க ஏறத்தாழ 1,500 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் 500 நாள். அது ஆட்டம் இல்லை, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை. கணக்கு எழுதிக்கொண்டே இருப்பவனுக்குப் படைத்தலைவனின் பயம் எப்படி வரும்? விவரம் அதிகமானால் நிஜம் அதிகமாகும் என்று நினைப்பதும் பிசகுதான்.

மறுபக்கம், மிகக் குறைந்த விவரத்தில் நிஜம் வரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நம் திண்ணைகளில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமம் இல்லை. புலி பாயும், ஆடு பாயாது. ஆடுகள் சேர்ந்து வளைத்தால்தான் புலி அடைபடும். பலமுள்ளவனும் எண்ணிக்கையுள்ளவனும் மோதினால் என்ன ஆகும் என்பதைக் கூழாங்கல்லை வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

1824இல் பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு போராட்டம் அமைத்துக் கொடுத்தார். வரைபடத்தின் மேல் சின்னக் கட்டைகள். இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர். படைத்தலைவன் தன் கட்டளையைத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். குதிரைக்காரன் அந்த இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் கட்டளை நிறைவேறும். எதிரி நம் கண்ணில் படும் தூரத்துக்கு வந்தால்தான் நடுவர் அந்தக் கட்டையை வரைபடத்தில் வைப்பார். அந்நாட்டு ராணுவமே அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது.

1942இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இன்னும் எளிமை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஒரு பெரிய அறையின் தரையில் கட்டம் போட்டு, சுண்ணாம்புக்கட்டியால் கப்பல்களின் பாதையை வரையச் செய்தார். சுற்றிலும் துணித் தடுப்பு. பயிற்சிக்கு வந்த கப்பல் தலைவர்கள் தடுப்பிலிருந்த சின்ன ஓட்டை வழியாக மட்டும் பார்க்கலாம். நடுக்கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். தரையில் குனிந்து கோடு போட்டு ஆட்டத்தை நடத்தியவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். அந்தத் தரையிலிருந்து வந்த உத்திகள் அட்லாண்டிக் கடலில் கப்பல்களைக் காப்பாற்றின. கிராபிக்ஸ் இல்லை, இசை இல்லை. தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த ஓட்டை காட்டிவிட்டது.

இதை நான் படிப்பதற்கு முன்னாலேயே, 1991இல், நான் வேலை பார்த்த ஒரு கடலோர நடுநிலைப் பள்ளியில் குந்துகால் போரை வராந்தாவில் ஆடினோம். ஆசிரியர் பயிற்சியில் 'விளையாட்டு முறைக் கல்வி' என்று ஒரு பாடம் உண்டு. அதை நம்பிச் செய்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சுண்ணாம்புக்கட்டியில் இரண்டு கரையும் வரைந்தோம். வீரனுக்குப் புளியங்கொட்டை, கப்பலுக்குச் சிப்பி. மதுரை, இராமேஸ்வரம், பொலன்னறுவை, சோழநாடு என்று குழுக்கள். ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குச் செய்தி போக வேண்டும் என்றால் ஒரு பையன் சீட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று நடந்து வர வேண்டும். ஓடக்கூடாது.

காற்றுக்கான விதியை நான் எழுதவில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள். "சார், வாடைக் காலத்துல வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்திரும். கச்சான் அடிச்சா அப்படியே மாறிரும்" என்றான் ஒருவன். "அப்ப குந்துகால்ல கோட்டை கட்டுனவன் கச்சான் காலத்துல கப்பலை எங்க விடுவான்?" என்று இன்னொருவன் கேட்டான். அன்று சாயங்காலம் அத்தனை பேரும் வீட்டில் போய் அப்பாவிடம் கேட்டு வந்தார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

இலங்கை மன்னன் பிறகு குலசேகரனோடு சேர்ந்துகொண்டான் என்று நான் சொன்னதும் "சார், கள்ளாட்டம்!" என்று வகுப்பே கத்தியது. அரசர்கள் அப்படித்தான் ஆடினார்கள் என்றேன். அன்றைக்கு நடந்த விவாதத்தில் பெல் அடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியாக ஒரு குழு பாக்கி இருந்தது. ஊர்சனம். போர் நடக்கும் கரையில் குடியிருப்பவர்கள். அந்தக் குழுவில் சேர யாருக்கும் ஆசையில்லை. அப்போது மண்டபம் முகாமிலிருந்து வந்து நம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, தான் சேர்கிறேன் என்றான். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. முந்தின வருடம் படகில் வந்தவன். ஆட்டம் தொடங்குமுன் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், கப்பல் வருது எண்டு எங்களுக்கு ஆர் சொல்லுவினம்?"

அரசனுக்கு ஒற்றன் உண்டு, தளபதிக்குத் தூதன் உண்டு. ஊர்சனத்துக்கு யார் சொல்வார்கள் என்று நான் எழுதிய விதிகளில் எதுவும் இல்லை. வகுப்பே உட்கார்ந்து விதி செய்தது. கடலில் பாயை முதலில் பார்ப்பது மீன்பிடிக்கப் போனவன்தான், ஆகவே அவனுக்கு ஒருநாள் முன்னதாகத் தெரியும். மதுரைக்குச் சொன்னால் அவர்கள் படை வந்து நெல்லைக் கேட்கும். சொல்லாவிட்டால் துரோகி என்பார்கள். இறங்கிய படைக்கு ஊற்றைக் காட்டினால் பிறகு சோழன் படை வந்து தண்டிக்கும். காட்டாவிட்டால் வந்தவனே தண்டிப்பான். நெல்லைக் குழிவெட்டி ஒளிக்கலாம். ஆட்டம் முடியும்போது குழியில் நெல்லும் குழுவில் எல்லா ஆளும் மிச்சம் இருந்தால் ஊர்சனத்துக்கு வெற்றி. மூன்று நாள் ஆடினோம். இராமேஸ்வரம் இரண்டு முறை கைமாறியது. ஊர்சனம் ஒருமுறையும் ஜெயிக்கவில்லை. நான்காம் நாள் மற்றக் குழுப் பிள்ளைகள் பலர் ஊர்சனம் குழுவுக்கு மாற்றிக் கேட்டார்கள்.

அதனால்தான் "சிலோனைப் பிடிச்சாச்சு" என்பது எனக்கு வெறும் விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை. அந்தக் கரையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரிச்சல்முனையில் இறங்கியவர்களை நாம் கண்ணால் பார்த்தோம். இங்கிருந்து வலை வீசப் போகிறவன் இன்றைக்கும் வீடு திரும்புவானா, சிறைக்குப் போவானா என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரையில் ஆளே இல்லாத ஒரு வரைபடத்தை நம் பிள்ளைகள் வரலாறு என்று நம்பி வளரக் கூடாது.

உறவுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னொன்றும் சொல்கிறேன். இந்த விஷயத்தில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினம் காலையில் ஒரு போர்ப்படம் வருகிறது. மீசை, வாள், சிவந்த வானம், கீழே "நம்ம ஆளுக". அதுவும் தத்ரூபமாகத்தான் இருக்கிறது. அதிலும் தாகம் எடுத்தவன் இல்லை, அணி மாறியவன் இல்லை, நெல்லைப் பறிகொடுத்தவன் இல்லை. பையன் கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டத்தை நாம் செல்போனில் அனுப்பி ஆடுகிறோம். அவனாவது ஆட்டம் முடிந்ததும் அணைத்துவிட்டுச் சாப்பிட வருகிறான்.

"விளையாட்டை விளையாட்டாக விடுங்க சார், எதற்கு இவ்வளவு பாரம்" என்று சிலர் எழுதுவீர்கள். நியாயம்தான். பொழுதுபோக்குக்கு ஆடினால் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ராஜேந்திரன் பெயரைக் கேட்டு ஒரு பிள்ளை புத்தகத்தைத் தேடினால் அந்த ஆட்டத்துக்கு நான் நன்றிதான் சொல்வேன். என் பேரனுக்கும் மாதோட்டம் எங்கே இருக்கிறது என்று தேடும் ஆர்வம் அங்கிருந்துதான் வந்தது. வரலாறு என்ற பெயரில் ஆடும்போதுதான் என் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன்.

ஆகவே பெற்றோர் ஆன என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். பையனைத் திட்டி கம்ப்யூட்டரைப் பூட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த மாதம் எந்தக் காற்று அடிக்கிறது? உன் படை இன்றைக்கு எங்கே தண்ணீர் குடித்தது? உன் கட்டளை போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? உன் கூட்டாளி ஏன் உன்னோடு இருக்கிறான், எப்போது போவான்? நீ பிடித்த ஊரில் யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே? தோற்றவன் இந்தப் போரைப் பற்றி என்ன எழுதி வைத்திருப்பான்?

ஆட்டத்தில் பதில் இருக்காது. பிள்ளை தேடும். அந்தத் தேடலில்தான் வரலாறு தொடங்குகிறது.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு: ஒரு பெட்டி சுண்ணாம்புக்கட்டியும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். ஸ்மார்ட் வகுப்பறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஊர்சனம் குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மிடம் கடல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு ஆட்டம் எழுதத் தெரியும். குந்துகால் போரை ஓர் ஆட்டமாகச் செய்யுங்கள். ஒரே போரைச் சூளவம்சம் சொல்வதுபோல் ஒருமுறையும், பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்வதுபோல் ஒருமுறையும், கரையில் இருந்தவன் கண்ணால் ஒருமுறையும் ஆடும்படி இருக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. காற்று விதிக்கு ஆள் வேண்டுமென்றால் பாம்பனில் நம் பழைய மாணவர்கள் நாலு பேர் படகு வைத்திருக்கிறார்கள், நான் பேசித் தருகிறேன்.

1991 வகுப்பில் இருந்தவர்கள் யார் யார் எந்தக் குழு என்று கீழே எழுதுங்கள். ஊர்சனம் குழுவில் இருந்தவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்